முகப்புப் படம் கடைசியில் வரட்டும்

எங்கள் வீட்டின் முகப்பைக் கணினியில் வரைந்து பொறியாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அன்று குடும்பக் குழுவில் ஒரே கொண்டாட்டம். சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, நடுவே மர நிறத்தில் ஒரு சதுரம், பால்கனிக்குக் கண்ணாடி, வாசலில் எங்களுக்குச் சொந்தமில்லாத ஒரு வெள்ளைக் கார். சாம்பல் வேண்டாம், தந்த நிறம்தான் எடுப்பாக இருக்கும் என்றார் சித்தப்பா. மச்சினன் பால்கனிக் கைப்பிடிக்கு மாதிரிகளாக அனுப்பித் தள்ளினான். அப்போது எங்களிடம் இருந்ததோ, கோவையின் மேற்கு ஓரத்தில் புல் மண்டிக் கிடந்த ஐந்து சென்ட் மனை மட்டும். அது தெருவைவிட மேடா பள்ளமா என்றுகூட யாரும் அளந்து பார்க்கவில்லை.

வர்ணம் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறும். கைப்பிடி பிடிக்கவில்லை என்றால் கழற்றி வேறு மாட்டலாம். டைல்ஸைக்கூட, மனசும் காசும் இருந்தால் பெயர்த்துவிட்டு வேறு பதிக்கலாம். தரைமட்டத்தை உயர்த்த முடியாது. கழிவுநீர்க் குழாயின் சரிவைக் கூட்ட முடியாது. தூணை நகர்த்த முடியாது. தளத்துக்குள் புதைந்த குழாயைத் திசைதிருப்ப முடியாது. ஆனால் வீடு கட்டப் போகிறவர்களின் பேச்சைக் கேட்டால் முக்கால்வாசி முதல் ரகத்தைப் பற்றித்தான் இருக்கிறது. "தம்பி, இந்தப் படம் கடைசியில் வரட்டும். முதலில் மண்ணுக்குள்ளும் சுவருக்குள்ளும் போகப் போவதைப் பேசுவோம்" என்று பொறியாளரிடம் சொன்னேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. அந்தப் படத்துக்கு அவர் இரண்டு இரவு உழைத்திருந்தார், பாவம்.

தாள் வேலைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம் எல்லாம் இணையத்திலேயே கிடைக்கின்றன. வங்கிக் கடன் வாங்குகிறவர்களுக்கு வங்கியின் வழக்கறிஞரே மூலப் பத்திரம் வரை துருவிவிடுவார். 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்த பிறகு, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கட்டுவதற்கான அனுமதியை ஒற்றைச்சாளர இணையதளத்திலேயே பெறலாம். ஐந்து சென்ட் என்பது 2,178 சதுர அடி. எங்களுக்கு அது பொருந்தியது. ஆனால் சுயசான்று என்றால் உறுதிமொழி நம்முடையது, விதி மீறினால் வரும் தொல்லையும் நம்முடையது. ஆகவே வரைபடத்தில் ஒன்று, தரையில் ஒன்று என்ற பழைய பழக்கத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டோம்.

பத்திரத்தில் மனை கிழக்கு மேற்காக 66 அடி, தென்வடலாக 33 அடி. கிழக்கே தெரு. சர்வேயரை வைத்து எல்லைக் கல்லிலிருந்து கல்லுக்கு நாடா பிடித்தபோது அகலம் 32 அடி 8 அங்குலம்தான் வந்தது. நாலு அங்குலம் போனால் என்ன என்று தோன்றும். வரைபடம் 33 அடிக்குப் போடப்பட்டிருந்தால் அந்த நாலு அங்குலம், கடைக்காலுக்குச் சுண்ணாம்புக் கோடு போடும் நாளில் யாரோ ஒருவரின் அறையிலிருந்தோ பக்கத்துச் சந்திலிருந்தோ பிடுங்கப்பட்டிருக்கும். அதைப் பிடுங்குவது யார்? அன்றைக்கு அங்கே நிற்கிற மேஸ்திரி.

அடுத்தது மண். கோவையின் மண் ஒரு தெருவில் செம்மண், அடுத்த தெருவில் கரிசல் என்று கண்ணாமூச்சி காட்டும். எங்கள் மனையில் மேலே இருந்தது கரிசல். மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். பங்குனியில் போய்ப் பார்த்தால் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு ஓடியிருக்கும். அதன் மேல் கடைக்காலை வைத்தால் வருடா வருடம் சுவரும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல்களில் பல இப்படி வந்தவைதான். மண் பரிசோதனைக்குப் பணம் செலவழிப்பதைக் கண்டு மேஸ்திரி சிரித்தார். "பக்கத்து வீட்டுக் கடைக்காலுக்கு நான்தான் வானம் தோண்டினேன் சார், நாலடியில் கெட்டி மண் வரும்" என்றார். சோதனைக் குழியில் நாலடிக்கும் கரிசல்தான் இருந்தது. ஐந்தடிக்குக் கீழேதான் சரளை கலந்த செம்மண் தட்டுப்பட்டது. தூண் அடித்தளங்களை ஆறடியில் வைப்பது என்று முடிவானது. கரிசல் இன்னும் ஆழம் போயிருந்தால் பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கி அடியில் குடைபோல் விரிந்த கான்கிரீட் தூண்கள், போட வேண்டியிருக்கும். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மாதிரி மண்ணுக்காகவே உருவாக்கிய முறை அது. எங்களுக்கு அந்தச் செலவு தப்பியது.

தோண்டியெடுத்த மண்ணையே பேஸ்மட்டத்துக்குள், அதாவது வீட்டுத் தரையை உயர்த்தக் கட்டும் அடிச்சுவர்களுக்குள், கொட்டி மூடிவிடுவது இங்கே சாதாரண வழக்கம். செம்மண்ணென்றால் சரி. கரிசலை உள்ளே கொட்டினால், குளியலறைக் குழாய் ஒன்று கசிந்தாலும் அது ஊதித் தரையைத் தூக்கும். உள்ளே கிராவல்தான் நிரப்ப வேண்டும், அரையடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டுக் கெட்டிக்க வேண்டும், கரையான் மருந்து தெளித்த பிறகுதான் தளக் கான்கிரீட் என்று எழுதிக்கொண்டோம். வாயால் சொன்னது மறந்துபோகும்.

இனி உயரம். இதைத்தான் நான் மற்ற எதையும்விட அதிக நேரம் பேசினேன், வீட்டில் உள்ளவர்களுக்குச் சலிப்புத் தட்டும்வரை. எங்கள் பக்கத்துத் தெருக்களில் நடந்து பார்த்தால் தெரியும். பழைய வீடுகளின் வாசல்படி ஒவ்வொன்றாகத் தார்ச்சாலைக்குள் முழுகிக்கொண்டிருக்கிறது. கட்டியபோது மூன்று படி ஏறி வீட்டுக்குள் போனவர்கள் இப்போது ஒரு படி இறங்குகிறார்கள். பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று அரசு அறிவுறுத்தியிருக்கிறது. சுரண்டுவதும் சில இடங்களில் நடக்கிறது. அதை நம்பி வீட்டுத் தரைமட்டத்தை நிர்ணயிக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

சாலையைவிடக் கழிவுநீர்தான் உயரத்தை முடிவு செய்கிறது. எங்கள் பின்பக்கக் குளியலறையிலிருந்து தெருச் சாக்கடைக்குக் கிட்டத்தட்ட அறுபது அடி. குளித்த தண்ணீர் தேங்காமல் ஓட, அறுபது அடிக்கு ஒரு அடி சரிவாவது வேண்டும். குளியலறைத் தரைக்கு இரண்டடி கீழே தொடங்கும் குழாய், வழியில் ஒரு அடி இறங்கும். வீட்டுத் தரை தெருவைவிட மூன்றடி உயரத்தில் இருந்தால் குழாயின் வாய் சரியாகத் தெருமட்டத்துக்கு வந்து நிற்கும். ஒன்றரை அடி பேஸ்மட்டம் போதும் என்று யாராவது சிக்கனம் பேசினால் குழாயின் வாய் தெருவைவிட ஒன்றரை அடி கீழே கிடக்கும். எங்கள் தெருச் சாக்கடையின் ஆழமே ஏறக்குறைய அவ்வளவுதான், அதிலும் பாதி மண். மழை நாளில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே மூன்றடி என்று நான் சொன்னதும் அம்மா கேட்டார்: "அரையடிப் படி என்றால் ஆறு படி. என் முழங்காலுக்கு யார் பதில் சொல்வது?"

நியாயமான கேள்வி. படி இல்லாமல் சாய்தளம் அமைத்தால் ஒரு அடி ஏறுவதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மூன்றடிக்கு 36 அடி. வாசலில் அவ்வளவு இடம் கிடையாது. பொறியாளர் இங்கேதான் தன் படிப்பைக் காட்டினார். முன்முற்றத்தையே கேட்டிலிருந்து ஒரு அடி ஏற்றிக் கொண்டுவந்துவிடுவது. காரும் அந்தச் சரிவில் ஏறிவிடும். மிச்சம் இரண்டடிக்கு வாசலில் கைப்பிடியோடு நாலு படி. அதோடு தெற்குப் பக்கச் சந்தில் நாலடி அகலம் விட்டு, சமையலறைப் பக்கவாட்டுக் கதவு வரை 24 அடி நீளத்துக்கு இடம் ஒதுக்குவது. சாய்தளத்தை இப்போது கட்டப் போவதில்லை. என்றைக்காவது தேவைப்பட்டால் ஒரு வாரத்தில் கட்டிவிடலாம். இடமும், மூன்றரை அடிக் கதவும் மட்டும் இப்போதே வேண்டும்.

கதவென்றதும் இன்னொன்று. நம் ஊரில் குளியலறைக்கு இரண்டரை அடி நிலை வைப்பார்கள். அது நிலையின் வெளியளவு. இருபுறமும் சட்டம் போக, ஆள் நுழைவதற்கு மிஞ்சுவது இரண்டடிக்குச் சற்று மேல். சக்கர நாற்காலி போகாது. தாங்கிப் பிடித்து ஒருவரை அழைத்துப் போகவும் முடியாது. அரையடி கூட்டுவதால் ஏற்படும் செலவு ஒன்றுமே இல்லை. இதைக் கேட்காத வீடே கிடையாது, கேட்ட பிறகும் இரண்டரை அடியே வைப்பார்கள், ஏனென்றால் கடையில் தயாராகக் கிடைக்கும் கதவின் அளவு அது.

வெயிலும் காற்றும் எங்கள் ஊரில் ஒரே பக்கத்திலிருந்து வருவது பெரிய சங்கடம். வைகாசி முடிந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று புகுந்து, ஆடி முழுவதும் அடித்து வீசும். கோவையின் சுகமே அந்தக் காற்றுதான். அதே மேற்கிலிருந்துதான் சித்திரை மாதத்துப் பிற்பகல் வெயிலும் சுவரைச் சுடுகிறது. மேற்கை அடைத்துவிட்டால் காற்று போச்சு, திறந்துவிட்டால் அறை அடுப்பாகிவிடும்.

ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு இருக்கிறதே என்பார்கள். தெற்கு ஜன்னலுக்கு அது சரி. மார்கழி மதியத்தில் சூரியன் தெற்கே சாய்ந்தாலும் இரண்டடி சன்ஷேடு ஏறக்குறைய மூன்றடி உயரத்துக்கு நிழல் கொடுத்துவிடும். மேற்கில் கதை வேறு. ஏப்ரலில் மாலை நாலு மணிக்கு அதே இரண்டடி சன்ஷேடு ஜன்னலின் மேல்பக்கம் ஒன்றரை அடியைத்தான் காக்கும். ஐந்து மணிக்கு அதுவும் இல்லை. வெயில் நேராக உள்ளே வந்து கட்டில்மேல் உட்காரும். படுத்த வாக்கில் நீட்டுகிற பலகை மேற்கு வெயிலுக்கு உதவாது. நின்ற வாக்கில் நிற்கும் சுவரோ மரமோ வேண்டும். மேற்குச் சுவரின் பாதியில் குளியலறையை வைத்து வெயிலை அது வாங்கிக்கொள்ளும்படி செய்தோம். மீதிப் பாதியில் படுக்கையறைக்கு அகலம் குறைந்த, உயரமான ஜன்னல்கள் இரண்டு. அவற்றின் தென்பக்கமும் வடபக்கமும் ஒன்றரை அடிக்குச் செங்குத்துப் பட்டைகள். உள்ளே வந்த காற்று வெளியேற வழியில்லை என்றால் அது உள்ளே வரவே வராது. அதனால் எதிர்ச் சுவரில் கதவுக்கு மேல் திறந்து மூடும் கண்ணாடிப் பலகை. பழைய வீடுகளில் இருந்ததுதான். ஏசி வந்ததும் எல்லோரும் அடைத்துவிட்டார்கள். பின்பக்கம் ஒரு வேம்பு நட ஆசை. கடைக்காலிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதில் எனக்கும் பொறியாளருக்கும் இன்னும் வழக்கு நடக்கிறது, கரிசல் மண்ணின் ஈரத்தை வேர் உறிஞ்சும் என்பது அவர் வாதம்.

கோவையில் ஏப்ரல் மூன்றாம் வாரம் உச்சிக்கு வரும் சூரியன், அதன்பின் ஆகஸ்டு கடைசி வாரம் வரை மதிய வேளையில் வடக்கே நிற்கிறது. மீதி எட்டு மாதமும் தெற்கே. மாடியில் சூரிய மின்பலகை வைக்க நினைக்கிறவர்களுக்கு இது முக்கியம். 2024இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. அதற்கு ஏறக்குறைய 300 சதுர அடி நிழலில்லாத இடம் தேவை. மாடிப்படி அறையையும் தண்ணீர்த் தொட்டியையும் எங்கே வைக்கிறோம் என்பதில்தான் அது இருக்கிறது. தொட்டி கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் வர வேண்டும் என்றார் மாமா. வரட்டும், பலகைகள் கிழக்குப் பாதிக்குப் போயின.

மாமாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. மனையடி சாஸ்திரத்தில் அவர் கரைகண்டவர். பதினோரடி நல்லது, அடுத்த நல்ல அளவு பதினாறுதான், நடுவில் உள்ள பன்னிரண்டு முதல் பதினைந்து வரை எதுவும் ஆகாது. எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் வாஸ்துவோடு சண்டை போடுகிறவர்கள் வரைபடம் முடிந்த பிறகு சண்டை போடுகிறார்கள். அப்போது பெரியவர்கள் சொல்வதற்காகச் சுவரை இடித்து மாற்றுவார்கள், மாற்றியதில் குழாய்க்கும் ஜன்னலுக்கும் ஏதாவது ஆகும். முதல் கோடு போடும் முன்பே மாமாவை உட்காரவைத்து, அவருடைய நிபந்தனைகள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டோம். அம்மாவுக்குப் பன்னிரண்டடி அறைகள் வேண்டும் என்று ஆசை. பன்னிரண்டும் பன்னிரண்டும் மூன்று ஒன்பதங்குலச் சுவர்களும் சேர்ந்தால் 26 அடி 3 அங்குலம். தெற்குச் சந்தில் சாய்தளத்துக்கான இடம் பறிபோகும். பதினொன்றும் பதினொன்றும் என்றால் 24 அடி 3 அங்குலம், எல்லாம் கச்சிதமாக அடங்கும். மாமாவின் சாஸ்திரமும் என் சாய்தளக் கணக்கும் கைகுலுக்கிக்கொண்டது அங்கேதான். பூச்சு இருபுறமும் அரை அங்குலம் தின்னும் என்பதால் செங்கல் கட்டும்போது 11 அடி 1 அங்குலம் விட வேண்டும் என்றும் மாமாவே நினைவூட்டினார். அது சாஸ்திரமில்லை, அனுபவம்.

பிறகு புல்லை வெட்டிவிட்டு, மனையிலேயே சுண்ணாம்புத் தூளால் முழு அளவில் வீட்டை வரைந்தோம். தாளில் அங்குலக் கணக்காகத் தெரிவது தரையில் ஆளளவாகத் தெரிய வேண்டும். கட்டிலுக்குக் கயிற்றால் ஆறடிக்கு ஆறரை அடி செவ்வகம், அலமாரிக்கு இரண்டடி ஆழத்தில் செங்கல் வரிசை. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு 'வீட்டுக்குள்' வந்தார். வரைபடத்தில் அழகாக இருந்த படுக்கையறையில், கட்டிலின் கால்மாட்டுக்கும் அலமாரிக்கும் நடுவே ஒன்றரை அடிதான் இருந்தது. அலமாரிக் கதவின் அகலமும் ஒன்றரை அடி. "திறந்தால் கட்டிலில் இடிக்குமே, நான் கட்டில்மேல் ஏறி நின்றா புடவை எடுப்பது?" என்றார். பத்தடிக்குப் பதினோரடி அறை அது. அலமாரியைப் பக்கச் சுவருக்கு மாற்றி, கட்டிலை எதிர்ச் சுவரோரம் தள்ளியதும் நடுவே மூன்றடி வழி கிடைத்தது. செலவு: கைப்பிடிச் சுண்ணாம்பு.

சமையலறையில் மனைவி நின்றுகொண்டு, மாவு அரைக்கும் கிரைண்டரை எங்கே வைப்பது என்று கேட்டாள். வரைபடத்தில் மிக்ஸிக்கும் மைக்ரோவேவுக்கும் இடம் இருந்தது, கிரைண்டருக்கு இல்லை. பாத்திரம் கழுவும் பெண் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போவார், ஈரத் துணி எங்கே காயும், எரிவாயு உருளை வீட்டுக்கு வெளியே நிற்குமா, மழையில் செருப்பு எங்கே என்றெல்லாம் கேள்விகள் வரிசையாக வந்தன. நடந்துபார்த்தால்தான் இவை வாயில் வருகின்றன.

கட்டில் நகர்ந்தால் மின்விசிறி நகர வேண்டும். மின்விசிறியின் கொக்கிப் பெட்டியும் அதற்கு வரும் குழாயும் தளக் கம்பிகளுக்கு நடுவே, கான்கிரீட் கொட்டும் முன் வைக்கப்படுகிறவை. ஆக, கூரை போடும் நாளுக்கு முன்பே கட்டில் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். பீம்களில் குழாய் போவதற்கான ஓட்டையும் அப்படித்தான். முன்கூட்டியே ஒரு துண்டுக் குழாயைச் செருகிவிட்டுக் கான்கிரீட் போட்டால் ஐந்து நிமிட வேலை. மறந்துவிட்டால் பிளம்பர் சுத்தியலோடு வந்து, வீட்டைத் தாங்குகிற பீமையே உடைப்பார். எந்தப் பீமில், எந்த உயரத்தில், எத்தனை அங்குல ஓட்டை என்று தனியாக ஒரு தாள் போட்டுவைத்தோம். முகப்புப் படத்துக்குச் செலவான நேரத்தில் பாதிகூட அதற்கு ஆகவில்லை.

தண்ணீர்த் தொட்டியின் கணக்கு எளிது. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசுக் கையேடுகள் சொல்லும் அளவு. நாலு பேருக்கு, வாரத்துக்கு ஒருமுறை குழாயில் வந்தாலும் தாக்குப்பிடிக்க நாலாயிரம் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆறடி நீள, அகல, ஆழத்தில் தோண்டினால் ஆறாயிரம் லிட்டர் பிடிக்கும். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் இறங்குகிறது. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம் என்பதால் எல்லா வீட்டிலும் குழாய் இருக்கிறது. குழாயின் அடியில் ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து பார்த்தால் சங்கடமாக இருக்கும். நாங்கள் முதல் மழையை வெளியே தள்ளிவிட்டு அடுத்ததைத் தொட்டிக்கே விடப் போகிறோம்.

கடைசியாகப் பணம். ஒருவர் சதுர அடிக்கு 2,350 கேட்டார், இன்னொருவர் 2,600. உறவுக்காரர்கள் அத்தனை பேரும் முதலாமவரைக் கைகாட்டினார்கள். எதெல்லாம் அந்த விலைக்குள் அடங்கும் என்று எழுத்தில் கேட்டபோது, முதலாமவரின் விலையில் நிலத்தடித் தொட்டி இல்லை, செப்டிக் டேங்க் இல்லை, சுற்றுச்சுவரும் கேட்டும் இல்லை, பரண் இல்லை, பேஸ்மட்டம் இரண்டடிக்கு மேல் போனால் தனி. எல்லாவற்றையும் கூட்டினால் அவர்தான் விலை கூடியவர். சதுர அடி விலை என்ற ஒற்றை எண்ணை வைத்து யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது. வங்கியோ ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகுதான் பணம் விடுவிக்கும். ஒப்பந்தக்காரருக்கு ஒவ்வொரு கட்டமும் தொடங்கும் முன்பே பணம் வேண்டும். அந்த இடைவெளிக்கு ஒரு கட்டத்தின் தொகை நம் கையில் இருந்தால்தான் வேலை நிற்காது. இதைத் திட்டமிடாமல் லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு ஜன்னல்களின் தலைமட்டத்தில், கம்பி துருவேற நிற்கும் வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு.

மார்கழியில் வாஸ்து நாள் கிடையாது. தையில் பூமி பூஜை என்று மாமா குறித்துக் கொடுத்திருக்கிறார். சுவரின் நிறம் என்ன என்று சித்தப்பா இன்னும் விடாமல் கேட்கிறார். இப்போதைக்குத் தீராமல் இருப்பது மகளின் ஊஞ்சல் ஒன்றுதான். கூடத்தில் ஊஞ்சல் வேண்டுமாம். கொக்கிகளை இப்போதே பீம் கம்பியோடு கட்ட வேண்டும், முன்னும் பின்னும் வீசி ஆட நாலடியாவது வேண்டும், அப்படியானால் தொலைக்காட்சி எதிர்ச் சுவருக்குப் போக வேண்டும், அங்கே ஜன்னல் இருக்கிறது. சுண்ணாம்புக் கோட்டுக்குள் அவள் ஊஞ்சலின் இடத்தை நாளுக்கொரு பக்கம் மாற்றிக்கொண்டிருக்கிறாள். "கூரைக்குக் கம்பி கட்டுவதற்குள் சொல்லிவிடு பாப்பா" என்று பொறியாளர் கெடு வைத்திருக்கிறார்.